என் வண்டி ஹாரனும் வெள்ளத்தின் மேல் விழுந்த பழியும்

2024 ஆடி மாதம், ஒரு திங்கட்கிழமை சாயங்காலம். திருநெல்வேலி மீனாட்சிபுரத்தில் வீட்டிலிருந்து கிளம்பி சமாதானபுரத்தில் டியூஷனுக்குப் போய்க்கொண்டிருந்தேன். சுலோசன முதலியார் பாலத்தில் வழக்கமான நெரிசல். முன்னால் சைக்கிளில் பால்கேன் கட்டிக்கொண்டு போன பெரியவர் திடீரென்று வலது பக்கம் ஒதுங்கினார். கட்டைவிரல் தானாகப் போய் ஹாரனை அழுத்தியது. சத்தமே இல்லை. மறுபடி அழுத்தினேன், இல்லை. பிரேக்கைப் பிடித்தபடி "தாத்தா, ஓரம் ஓரம்!" என்று கத்திவிட்டேன். அவர் நிதானமாகத் திரும்பிப் பார்த்து, "என்ன தாயி, வாயாலயா ஹாரன் அடிக்க?" என்று கேட்டார். பக்கத்து ஆட்டோவில் இருந்தவர்கள் சிரித்தார்கள். 1843-ல் திறந்த பாலம் அது. அந்தக் காலத்தில் எல்லாரும் வாயால்தான் அடித்திருப்பார்கள் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் கை நடுங்கியது உண்மை.

அன்றிலிருந்து மூன்று வாரம் இந்த ஒரு ஹாரனோடு நான் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் டியூஷன் எடுக்கிறவள். மின்னோட்டவியல் பாடத்தை வருஷா வருஷம் கரும்பலகையில் வரைந்து நடத்துகிறேன். மின்கலம், சாவி, விளக்கு, சுற்று மூடினால் எரியும், திறந்தால் அணையும். அதே சுற்று என் வண்டியில் திறந்துகொண்டபோது ஒரு சொல் பேசாமல் கடை கடையாகப் போய்ப் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

வண்டி 2016 மாடல், 110 சிசி ஸ்கூட்டர். 2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி ஊருக்குள் வந்ததே, அப்போது எங்கள் தெருவில் ஃபுட்போர்டு முங்குகிற அளவு தண்ணீரில் ஒன்றரை நாள் நின்ற வண்டி. வடிந்த பிறகு ஒரு பட்டறையில் விட்டு, முன்பக்க கவரைக் கழற்றிச் சேறெல்லாம் கழுவி, ஆயில் மாற்றி, கார்புரேட்டர் சுத்தம் செய்து எடுத்தேன். அதற்குப் பிறகு ஏழு மாதம் ஒரு குறையும் சொல்லாமல் ஓடியது. இதை ஏன் முன்கூட்டியே சொல்கிறேன் என்றால், நான் போன எல்லாக் கடையிலும் முதலில் வந்த பதில் ஒன்றேதான்: "வெள்ளத்துல நின்ன வண்டிலாக்கா!" டயரில் காற்று இறங்கியிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

முதல் நாள் ராத்திரி எனக்குத் தெரிந்த அளவுக்குப் பார்த்தேன். இண்டிகேட்டர் சரியாக மின்னியது. பிரேக் லைட் எரிந்தது. செல்ஃப் அழுத்தினால் ஒரே மூச்சில் ஸ்டார்ட் ஆனது. ஆனாலும் மறுநாள் காலையில் பத்து ரூபாய் கொடுத்து ஃபியூஸ் வாங்கி மாற்றினேன். யோசித்திருந்தால் அந்தப் பத்து ரூபாய்கூட மிச்சம். என் வண்டி போன்ற பல ஸ்கூட்டர்களில் பேட்டரியிலிருந்து வரும் ஒரே ஃபியூஸ் வழியாகத்தான் ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட் எல்லாவற்றுக்கும் கரண்ட் போகிறது. ஃபியூஸ் போயிருந்தால் எல்லாம் சேர்ந்தே செத்திருக்கும். ஹாரன் மட்டும் செத்தால் கோளாறு ஹாரனுக்கென்று தனியாகப் பிரிந்து போகிற பாதையில்தான் இருக்க வேண்டும். இன்னொன்று, பழைய ஸ்கூட்டர்களில் ஹெட்லைட் எரிகிறதே என்று பேட்டரிக்குச் சான்றிதழ் கொடுத்துவிடக் கூடாது. பல மாடல்களில் ஹெட்லைட், இஞ்சினோடு சுழன்று கரண்ட் உண்டாக்குகிற மேக்னெட்டோவிலிருந்து நேராக எரிவது. பேட்டரியைக் கழற்றி வைத்தாலும் எரியும். பேட்டரியைப் பார்க்க இண்டிகேட்டரையும் செல்ஃபையும்தான் கேட்க வேண்டும். ஃபியூஸ் உண்மையிலேயே போயிருந்தால் அதே ஆம்பியர் ஃபியூஸைப் போடுங்கள். 10 இருந்த இடத்தில் 20 போடுவதும், செம்புக்கம்பியைச் சுற்றிவிடுவதும் ஒயரை எரிய வைக்கிற வேலை.

செவ்வாய்க்கிழமை முதல் கடை. வண்டியில் உட்கார்ந்தபடியே பட்டனை அழுத்திக் காட்டினேன். பையன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "ஹாரன் போயிட்டுக்கா, தண்ணி ஏறியிருக்கும்." புது ஹாரன் 380, கூலி 100. வண்டியை ஸ்டாண்டு போட்டு, கவரைக் கழற்றி மாட்டினான். அழுத்தினான், தெருவே திரும்பிப் பார்த்தது. 480 ரூபாயைக் கொடுத்துவிட்டுச் சந்தோஷமாக வந்தேன். அந்தக் கடையில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், "பழைய ஹாரனைக் கொடு தம்பி" என்று கேட்டு வாங்கிக்கொண்டதுதான். அதுவும் புத்தியால் இல்லை, எங்கள் வீட்டில் எதையும் தூக்கிப் போட்டுப் பழக்கமில்லை. நீங்கள் புத்தியோடே கேட்டு வாங்குங்கள். மாற்றிய சாமான் கையில் இருந்தால், அது நிஜமாகவே கெட்டதா என்று பின்னால் சோதிக்கலாம்.

நான்கு நாள் அடித்தது. சனிக்கிழமை காலை மறுபடி ஊமை. அன்றைக்கு முருகன்குறிச்சி சிக்னல் தாண்டி எனக்கு முன்னால் நின்ற ஷேர் ஆட்டோ, ஆள் ஏற்றுவதற்காகச் சட்டென்று பின்னால் வந்தது. எனக்குப் பின்னால் பஸ். ஒதுங்க இடமில்லை. ஹாரனை அழுத்துகிறேன், அழுத்துகிறேன், ஒன்றுமில்லை. ஆட்டோவின் பின்பக்கம் என் இடது இண்டிகேட்டரில் வந்து முட்டி நின்றது. கண்ணாடி உடைந்தது, 90 ரூபாய். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆட்டோக்காரர் இறங்கி வந்து, "ஹாரன் அடிச்சிருக்கலாம்லா?" என்று கேட்டாரே, அந்த இடத்தில்தான் எனக்கு அழுகை வந்தது. நடு ரோட்டில் நின்று அழுதேன். அதற்குப் பிறகுதான் எனக்கே தெரிந்தது, நான் பிரேக்கை விட ஹாரனை நம்பித்தான் இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறேன் என்று. ஹாரன் இல்லாத நாட்களில் முன்வண்டிக்கும் எனக்கும் நடுவே ஒரு வண்டி நீளம் இடைவெளி விட்டு ஓட்டினேன். நிற்கிற பஸ்ஸை ஒட்டிப் போவதை விட்டேன். ராத்திரியில் ஹெட்லைட்டை டிம்மும் பிரைட்டுமாக மாற்றிக் காட்டினேன். அவசரத்துக்கு அப்படிச் சமாளிக்கலாம், ஆனால் நாளைக் கடத்தாதீர்கள். ஒவ்வொரு வண்டிக்கும் ஹாரன் இருக்க வேண்டும் என்பது 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது.

இரண்டாவது, பேட்டரிக் கடை. யாரோ ரோட்டில் "பேட்டரி டவுனா இருக்கும்" என்று சொன்னதைக் கேட்டு நானாகவே போனேன். புதுப் பேட்டரி 1,450, பழையதற்கு 200 கழித்து 1,250. மாட்டி, ஸ்டாண்டில் நின்ற வண்டியில் அழுத்தினார், அடித்தது. வண்ணார்பேட்டை வருவதற்குள் நின்றுவிட்டது. கால்மணி நேரத்துக்கு 1,250 ரூபாய்! போன் பண்ணினால், "ரெண்டு நாள் ஓட்டுங்கக்கா, சார்ஜ் ஏறட்டும்" என்றார். பேட்டரி இறங்கினால் ஹாரன் ஒரேயடியாக ஊமையாவதற்கு முன் சளி பிடித்தது போல் கம்மும், இண்டிகேட்டர் தூங்கி வழியும், செல்ஃப் இழுக்காது. என் வண்டியில் இவை எதுவுமே இல்லை. பேட்டரி மேல் சந்தேகம் என்றால் மாற்றுவதற்கு முன் மீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். இஞ்சின் ஓடாமல் கொஞ்ச நேரம் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் பக்கம் இருந்தால் நல்ல பேட்டரி. ஸ்டார்ட் பண்ணி லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் 14 பக்கம் ஏற வேண்டும், அப்போதுதான் சார்ஜ் ஆகிறது என்று அர்த்தம். இதைப் பார்க்க இரண்டு நிமிஷம் போதும், யாரும் காசு கேட்கவும் மாட்டார்கள்.

மூன்றாவது, கொஞ்சம் பெரிய பட்டறை. அங்கே என்னைப் பார்த்துப் பேசவே இல்லை. பக்கத்தில் வேறு வேலையாக நின்ற ஆண்பிள்ளையைப் பார்த்து என் வண்டியைப் பற்றி விளக்கினார்கள். பட்டன் போயிருக்கிறது என்றார்கள். பட்டன் 180, கூலி 120. ஹாண்டிலை மூடியிருக்கிற டூமைக் கழற்றி மாட்டினார்கள். ஆறு நாள் அடித்தது. அந்த ஆறு நாளில் தெரிந்தவர்கள் எல்லாரிடமும் "கடைசில பட்டன்தான்" என்று சொல்லிவைத்தேன். ஏழாம் நாள் அந்தப் பேச்சும் பொய்யானது. பட்டன் கெடுவது உண்டு. மழைத் தண்ணீரும் சர்வீஸில் அழுத்தமாக அடிக்கிற தண்ணீரும் உள்ளே போய்ச் செம்புத் தகடு பச்சை பிடிக்கும். அது தெரிந்தால்கூட உடனே மாற்ற வேண்டியதில்லை, வழவழப்பான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தாலே பல நேரம் வேலை செய்யும். பிரிக்கும்போது அடியில் ஒரு துணியை விரித்துக்கொள்ளுங்கள், உள்ளே இருக்கிற சின்ன ஸ்பிரிங் எகிறிப் போனால் அகப்படாது. என்னுடைய பழைய பட்டனைப் பிறகு பிரித்துப் பார்த்தேன். தகடு பளிச்சென்று இருந்தது.

நான்காவது கடையில், "வயரிங்கே அரிச்சிருக்கும், முழு கிட்டும் மாத்திருவோம்" என்றார்கள். கிட் 3,200, கூலி 900. கூடவே, ரிலே போட்டு டபுள் ஹாரன், வேண்டுமென்றால் ராகம் போடுகிற ஹாரன்கூட மாட்டித் தருவதாகச் சொன்னார்கள். ராகம் போடுகிற ஹாரனை அதே மோட்டார் வாகன விதிகள் தடுக்கின்றன. டபுள் ஹாரன் இழுக்கிற கரண்ட்டுக்கு இந்தச் சின்ன பட்டன் தாங்காது, அதனால்தான் பட்டனுக்குப் பதிலாக அந்தக் கரண்ட்டைச் சுமக்கிற ரிலே. எனக்கு வேண்டியது ஒரே ஒரு "பீப்". கிட்டுக்கு ஆர்டர் போடச் சொல்லிவிட்டு, மனசே இல்லாமல் வீட்டுக்கு வந்தேன். அதுவரை செலவு 2,040, உடைந்த கண்ணாடியோடு 2,130. மூன்று சாயங்காலம் டியூஷன் போச்சு. அதை ஈடுகட்ட மூன்று ஞாயிற்றுக்கிழமை போச்சு.

வாசலில் வண்டியை உள்ளே ஏற்றுவதற்காக ஹாண்டிலை இடது பக்கம் ஒடித்தேன். எரிச்சலில் பட்டனை அழுத்திக்கொண்டேதான் இருந்தேன் போல. "கீ" என்று ஒரு சின்ன சத்தம். இந்தச் சத்தத்தை இதற்கு முன்னாலும் இரண்டு தடவை இதே வாசலில் கேட்டிருக்கிறேன். "பேய் பிடிச்ச வண்டி" என்று திட்டிவிட்டு உள்ளே போயிருக்கிறேன். அன்றுதான் நின்று யோசித்தேன். கடைகளில் எப்போதும் ஸ்டாண்டு போட்டுத்தான் அழுத்திப் பார்த்தார்கள். ஸ்டாண்டில் நிற்கிற வண்டியின் ஹாண்டில் இடது பக்கம் சாய்ந்து கிடக்கும். ரோட்டில் நேராக இருக்கும். கடையில் அடித்து ரோட்டில் அடிக்காமல் போவதற்கு வேறென்ன காரணம்? சாவியைப் போட்டு, பட்டனை அழுத்தியபடி ஹாண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெதுவாகத் திருப்பினேன். இடது பக்கம் போனால் கீ, நேராக வந்தால் ஊமை, வலது பக்கம் ஊமை. பத்து வினாடி வேலை. முதல் நாள் ராத்திரியே செய்திருக்கலாம். எந்தக் கடைக்குப் போவதற்கு முன்னும் இதைச் செய்து பாருங்கள். அது எப்போது அடிக்கிறது, எப்போது அடிக்கவில்லை என்று கவனித்துச் சொல்லுங்கள். மெக்கானிக் வண்டியைப் பார்ப்பது ஐந்து நிமிஷம்தான், அதோடு நாள் முழுக்க இருப்பது நீங்கள்.

அன்று ராத்திரி பதினொரு மணிக்குப் பிள்ளைகளுக்குப் பாடம் காட்ட வைத்திருக்கிற மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். ஹாரனில் செருகியிருந்த இரண்டு ஒயரையும் உருவி, சாவி போட்டு, தம்பி மகனைப் பட்டனை அழுத்தச் சொல்லி மீட்டரை வைத்தால், ஹாண்டில் நேராக இருக்கும்போதும் 12 வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறது! ஒரு கணம் குழம்பிவிட்டேன். பிறகுதான் நானே நடத்துகிற பாடம் ஞாபகம் வந்தது. மீட்டர் ஏறக்குறைய கரண்ட்டே இழுக்காது, அதனால் ஒயர் பெயருக்குத் தொட்டுக்கொண்டு வழியில் மின்தடை ஏறியிருந்தாலும் வோல்ட்டை ஏறக்குறைய அப்படியே காட்டிவிடும். ஹாரன் போல நிஜமாகக் கரண்ட் இழுக்கிற சாமானை மாட்டினால்தான் குட்டு வெளிப்படும். உடைந்த இண்டிகேட்டரிலிருந்து எடுத்து வைத்திருந்த பல்பில் இரண்டு ஒயரை முறுக்கி டெஸ்ட் லேம்ப் ஆக்கினேன். அதை மாட்டினால், ஹாண்டில் நேராக இருக்கும்போது பல்பில் உயிரே இல்லை. இடது பக்கம் திருப்பினால் பளீரென்று எரிகிறது. எலக்ட்ரீஷியன்கள் இன்னும் டெஸ்ட் லேம்பை விடாமல் வைத்திருப்பதன் காரணம் அன்றுதான் புரிந்தது.

கூடவே ஒரு விஷப்பரீட்சையும் செய்தேன். அலமாரியிலிருந்து அந்தப் "போயிட்டு" ஹாரனை எடுத்து, இரண்டு ஒயரில் பேட்டரியோடு நேராக ஒரு வினாடி தொட்டேன். ஊரே எழுந்துகொள்கிற மாதிரி அலறியது. எதிர்வீட்டு ஆச்சி ஜன்னலைத் திறந்து, "யாரு பிள்ளை அது, அர்த்த ராத்திரியில?" என்றாள். எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. 480 ரூபாய் அழுதது அந்த நல்ல ஹாரனுக்காக. இந்தச் சோதனையைத்தான் முதல் கடையிலேயே கேட்டிருக்க வேண்டும்: "மாத்துறதுக்கு முன்ன பேட்டரியில நேரா வச்சுக் காட்டுங்க." அடித்தால் ஹாரன் நல்லது, கோளாறு ஒயரிலோ பட்டனிலோ. அடிக்காவிட்டாலும் உடனே தூக்கிப் போட வேண்டாம். பின்னால் ஒரு சின்னத் திருகாணி இருக்கும். உள்ளே பழைய மின்சார மணி போலவே காந்தம் தகட்டை இழுப்பதும் தொடுமுனை விடுவதுமாகத்தான் சத்தம் வருகிறது. அந்த இடைவெளியைச் சரிசெய்வது இந்தத் திருகாணி. கால் சுற்றுக்கும் குறைவாக இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தால் சில நேரம் குரல் திரும்பும். அதிகமாகத் திருகிவிட்டால் சுருள் சூடாகி எரிந்துபோகும்.

மறுநாள் காலை, முதல் வேலையாகப் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி வைத்துவிட்டு, முன்பக்க கவரைத் திறந்தேன். ஹாண்டிலிலிருந்து ஒயர்க் கட்டு கழுத்துப் பக்கம் இறங்குகிற இடத்தில் வெள்ளை கேபிள் டை ஒன்று, இறுக்கென்றால் அப்படி ஒரு இறுக்கு. வெள்ளத்துக்குப் பிறகு சேறு கழுவினவர்கள் அழகாக இருக்கட்டும் என்று கட்டியது. கம்பெனியில் விட்டிருந்த தளர்வெல்லாம் அதில் போய்விட்டது. ஹாண்டில் திரும்பும் ஒவ்வொரு தடவையும் அந்த ஒரே இடத்தில் ஒயர் மடங்கி நிமிர்ந்திருக்கிறது, ஏழு மாதமாக. மேலுறை முழுசாக இருந்ததால் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. விரலால் நெருடிக்கொண்டே வந்தபோது ஹாரன் ஒயர் ஓர் இடத்தில் மட்டும் வெறும் ரப்பர் போலத் தொளதொளத்தது. நறுக்கிப் பார்த்தால் உள்ளே செம்பு இழைகள் அறுந்து, முனையெல்லாம் பச்சை பிடித்திருந்தது. இடது பக்கம் திருப்பினால் முனைகள் நன்றாக உரசும், மற்றபடி பச்சை பிடித்த இழை ஒன்றிரண்டு பெயருக்குத்தான் தொட்டுக்கொண்டிருக்கும். கடைக்காரர்கள் கவரையும் டூமையும் கழற்றி மாட்டின ஒவ்வொரு தடவையும் அவை கொஞ்ச நாள் நன்றாகத் தொட்டுக்கொண்டு இருந்திருக்கின்றன. நான்கு நாள், ஆறு நாள் கணக்கெல்லாம் அதுதான்.

அதே கனத்தில் ஓர் அடி ஒயரும், சூடு காட்டினால் சுருங்குகிற ஸ்லீவும் 35 ரூபாய். கெட்ட பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புது ஒயரைச் சேர்த்து, ஈயம் வைத்து, ஸ்லீவ் போட்டேன். முறுக்கி டேப் மட்டும் ஒட்டினால் அடுத்த மழைக்கு மறுபடி இதே கதைதான். ஒட்டு மடங்குகிற இடத்தில் வராமல் கொஞ்சம் தள்ளி இருக்க வேண்டும். ஈயம் வைத்த இடம் விறைப்பாகிவிடும், அங்கே மடங்கினால் சீக்கிரம் ஒடியும். கேபிள் டையை வெட்டி எறிந்துவிட்டுத் தளர்வாக வேறொன்று கட்டினேன். கவரை மூடுவதற்கு முன் ஹாண்டிலை இரு கோடிக்கும் திருப்பி எந்த ஒயரும் இழுபடவில்லை என்று பார்த்துக்கொண்டேன். பக்கத்து ஒயர்களையும் நெருடிப் பார்த்தேன், அவை தப்பித்திருந்தன.

நான்கு நாள் கழித்து, பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நேரம் போன் வந்தது.

"அக்கா, வயரிங் கிட் வந்துட்டு. எப்பம் வாறீங்க?"

"வேண்டாம் தம்பி, சரியாப் போச்சு. ஒரு அடி ஒயர்தான்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"இருந்தாலும் வெள்ளத்துல நின்ன வண்டிலாக்கா. எதுக்கும் மாத்திருவோம்."